ஊருக்குச் சொல்கிறோம், பிள்ளைக்குச் சொல்கிறோமா?

மூன்று வருடங்களுக்கு முன்பு, உறவில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் ஆளுயர பிளக்ஸ். அதில் பட்டுச்சேலையும் நெற்றிச்சுட்டியுமாக ஒரு பதினோரு வயதுப் பெண். தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகள் மேளத்தோடு தெருவைச் சுற்றி வந்து இறங்கின. மேடையில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். ஜாங்கிரியைப் பிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, மொத நாள் நான் யார்கிட்டயும் சொல்லல. உள்ள ஏதோ வெடிச்சிருச்சுன்னு நெனச்சேன். ரெண்டு நாள் பாவாடைய நானே அலசி, மொட்டைமாடில தண்ணி டேங்குக்குப் பின்னாடி காயப்போட்டேன். செத்துப்போயிருவேனோன்னு பயமா இருந்துச்சு."

பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் சொன்ன சேதியை, அது யாருக்கு நடக்கப்போகிறதோ அந்தக் குழந்தைக்கு மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. அவள் அம்மா படித்தவள், பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவள். கேட்டபோது, "வரும்போது சொல்லிக்கலாம்னு இருந்தேன்க்கா" என்றாள். நம் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் பதில். 'வரும்போது' சொல்வது தாமதம் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் போகிறேன்.

முதலில் வயதைப் பார்ப்போம். பெண் குழந்தைகளுக்குப் பருவ மாற்றம் தொடங்குவது 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில். ஆண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள். நாம் 'வயசுக்கு வந்துட்டா' என்று கொண்டாடுகிற முதல் மாதவிடாய், இந்த மாற்றத்தின் தொடக்கம் அல்ல; ஏறக்குறைய அதன் பின்பாதி. முதலில் மார்பில் ஒரு பக்கம் மட்டும் சின்னக் கட்டி மாதிரி தட்டுப்படும், தொட்டால் வலிக்கும். பல அம்மாக்கள் புற்றுநோயோ என்று பதறி மருத்துவரிடம் ஓடுவது இந்த நேரத்தில்தான். சில மாதங்களில் மறுபக்கமும் வந்துவிடும். பிறகு அக்குளிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் முடி, வியர்வையில் புதிதாக ஒரு வாடை, திடீரென்று உயரம், உள்ளாடையில் வெள்ளைக் கசிவு. மார்பு அரும்பத் தொடங்கி சுமார் இரண்டு, இரண்டரை வருடம் கழித்துத்தான் முதல் மாதவிடாய் வரும். அதாவது, பேசுவதற்கு இயற்கை நமக்கு இரண்டு வருட அவகாசம் தந்திருக்கிறது. நாம்தான் அதை வீணாக்குகிறோம்.

நம் முன்னோர் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். பேதை, பெதும்பை, மங்கை என்று தொடங்கும் அந்த வரிசையில் பெதும்பைக்குச் சொல்லப்படும் வயது 8 முதல் 11. சிறுமிக்கும் மங்கைக்கும் நடுவில் இப்படி ஒரு பருவம் இருப்பதை உணர்ந்து அதற்குத் தனிப் பெயரே வைத்த மொழி நம்முடையது. அந்த நான்கு வருடங்களில் குழந்தையிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதற்கு நம்மிடம் என்ன நியாயம் இருக்கிறது?

உடம்பில் என்ன நடக்கிறது என்பதைப் பெற்றோர் தெளிவாகப் புரிந்துகொண்டால்தான் பிள்ளைக்குச் சொல்ல வரும். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி இருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் மூளைப் பகுதி ஒரு நாள் அதற்கு 'வேலையைத் தொடங்கு' என்று தகவல் அனுப்புகிறது. பிட்யூட்டரி அந்தத் தகவலை ரத்தத்தில் ஹார்மோனாக அனுப்ப, பெண்ணுக்குச் சினைப்பையும் ஆணுக்கு விதையும் விழித்துக்கொள்கின்றன. அவை சுரக்கும் ஹார்மோன்கள்தான் குரலை, தோலை, உயரத்தை, மனநிலையை எல்லாம் மாற்றுகின்றன. இது எப்போது தொடங்கும் என்பதைப் பரம்பரையும் ஊட்டமும் உடல் எடையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஒரே வகுப்பில் ஒருத்தி அம்மா உயரத்துக்கு வளர்ந்திருப்பதும், பக்கத்தில் இருப்பவள் இன்னும் பால்பல்லோடு சிரிப்பதும் இதனால்தான். இரண்டு பேருமே நலமாகத்தான் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தியே இதுதான், ஏனென்றால் அவர்களை வாட்டும் முதல் கேள்வி 'எனக்கு மட்டும் ஏன் இப்படி?'

மாதவிடாயைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி இப்படிச் சொல்லலாம்: அடிவயிற்றில் கைமுட்டி அளவில் கர்ப்பப்பை இருக்கிறது. என்றைக்காவது ஒரு குழந்தை வந்து தங்கினால் வேண்டும் என்று, ஒவ்வொரு மாதமும் அது உள்ளே மெத்தை மாதிரி ஒரு படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். குழந்தை இல்லாதபோது அந்த மெத்தை தேவையில்லை. அதனால் அது கரைந்து ரத்தத்தோடு வெளியே வந்துவிடும். அவ்வளவுதான். 'கெட்ட ரத்தம் வெளியேறுது' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அது கெட்டதும் அல்ல, அழுக்கும் அல்ல. அளவையும் சொல்லிவிடுங்கள். ஒரு மாதவிடாயில் மொத்தமாக வெளியேறும் ரத்தம் பெரும்பாலும் 30 முதல் 40 மில்லி. ஒரு காபி டம்ளரில் கால் பங்கு. பார்ப்பதற்கு நிறைய வந்த மாதிரி தெரியும், அதனால்தான் குழந்தைகள் பயப்படுகிறார்கள். இரண்டு முதல் ஏழு நாள் வரை இருக்கும். முதல் ஓரிரு வருடங்கள் கணக்குத் தப்பும்: 21 நாளிலும் வரலாம், 45 நாள் கழித்தும் வரலாம். '28 நாளுக்கு ஒருமுறை' என்று மட்டும் சொல்லிவைத்தால், 35ஆவது நாளிலும் வராதபோது அவள் தனியாகக் கிடந்து கவலைப்படுவாள்.

இனி, எப்படித் தொடங்குவது?

பலரும் நினைப்பது போல, ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்தி, எதிரே உட்காரவைத்து, 'உன்கிட்ட ஒரு முக்கியமான விஷயம் பேசணும்' என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை. அப்படி ஆரம்பித்தால் பிள்ளை ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நடுங்கும். துளித்துளியாகப் பேசுங்கள். வாய்ப்பு தினமும் வருகிறது. எங்கள் தெரு மருந்துக்கடையில் நான் என் கண்ணால் பார்த்தது இது. கடைக்காரர் நாப்கின் பாக்கெட்டைத் தினத்தாளில் சுற்றி, அதையும் ஒரு கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தார். கூட வந்திருந்த ஒன்பது வயதுப் பெண் சத்தமாகக் கேட்டாள்:

"ஏம்மா, இதுக்கு மட்டும் பேப்பர் சுத்துறாங்க?"

கடையில் நின்ற எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். அந்த அம்மா அதட்டவில்லை. "வீட்டுக்குப் போற வழில சொல்றேன், கண்ணு" என்றார். நானும் அதே வழி. அவர் சொன்னபடியே பேசிக்கொண்டு நடந்தார்.

"அது என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"பெரியவங்களுக்கான டயப்பர்."

"கிட்டத்தட்ட. பொம்பளைங்களுக்கு மாசத்துல சில நாள் அடிவயித்துல இருந்து கொஞ்சம் ரத்தம் வரும். அடிபட்டு வர்ற ரத்தம் இல்ல. உடம்பு நல்லா வளர்ந்திருக்குன்னு அர்த்தம். துணியில படாம இருக்கத்தான் இது. உனக்கும் இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல வரும்."

"வலிக்குமா?"

"எனக்கு மொத நாள் கொஞ்சம் வயிறு வலிக்கும். வெந்நீர் ஒத்தடம் வச்சுப்பேன். சரியாயிரும்."

"தம்பிக்கும் வருமா?"

"தம்பிக்கு வராது. அவனுக்கு வேற மாதிரி மாறும்."

"சரி. சோளப்பொரி வாங்கித் தர்றியா?"

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் குழந்தை இனி மொட்டைமாடித் தொட்டிக்குப் பின்னால் பாவாடையை ஒளித்துக் காயப்போடாது. அந்த அம்மா செய்ததைக் கவனியுங்கள். கேள்வியை அடக்கவில்லை, 'பிறகு சொல்கிறேன்' என்றதை மறக்கவில்லை, பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று முதலில் கேட்டார், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், தன் உடம்பைப் பற்றி உண்மை பேசினார். அந்த வயதுக்கு அதுபோதும். மீதி அடுத்த கேள்வியில் வரும். பதில் தெரியாத கேள்வி வந்தால், "எனக்குத் தெரியல, டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. சொன்னபடி கேட்டு வந்து சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம்.

முகம் பார்த்துப் பேசக் கூச்சமாக இருந்தால் முகம் பார்க்காமல் பேசுங்கள். பூண்டு உரிக்கும்போது, துணி மடிக்கும்போது, தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, பைக்கில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போகும்போது. கையில் ஒரு வேலை இருந்தால் வாய்க்குத் தைரியம் வரும்.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மாதவிடாய்க்கு நம்மிடம் இருக்கும் பேச்சுச் சொற்களைக் காது கொடுத்துக் கேளுங்கள்: தீட்டு, தூரம், வீட்டுக்கு விலக்கு. எல்லாமே 'தள்ளி நில்' என்றுதான் சொல்கின்றன. மாதவிலக்கு என்ற சொல்லிலேயே விலக்கு இருக்கிறது. குழந்தையிடம் மாதவிடாய் என்றோ, இப்போது எல்லா வீட்டிலும் புழங்குகிற மாதிரி 'பீரியட்ஸ்' என்றோ சொல்லுங்கள். உடல் உறுப்புகளுக்கும் அப்படித்தான். கை, கால், மூக்கு என்று சொல்லிக்கொடுத்துவிட்டு ஓர் இடம் வந்ததும் 'ஷேம் ஷேம்' என்றால், அந்த இடம் வெட்கத்துக்குரியது என்ற பாடத்தை மூன்று வயதிலேயே நடத்திவிடுகிறோம். பிறப்புறுப்பு, ஆண்குறி, விதை, மார்பு, கர்ப்பப்பை, இவை பெயர்கள் மட்டுமே. பெயர் தெரிந்த குழந்தையால்தான், யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டால், எங்கே தொட்டார்கள் என்று தெளிவாகச் சொல்ல முடியும். பருவ மாற்றத்தின்போது உடம்பு மேல் விழும் கண்களும் கைகளும் கூடுகின்றன என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரியும், பையன்களும் தப்புவதில்லை. 'யார் செய்தாலும், மாமாவோ வாத்தியாரோ, என்னிடம் சொல். நான் உன்னைத் திட்டமாட்டேன்' என்ற வாக்கைக் கொடுத்துவையுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களைக் காக்க 2012 முதல் போக்சோ சட்டம் இருக்கிறது. 1098 என்ற எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், பிள்ளையே அழைக்கலாம்.

பையன்களை என்ன செய்கிறோம்?

பெண்ணுக்காவது ஒரு நாள் வருகிறது. அன்றைக்கு யாராவது எதையாவது சொல்கிறார்கள். பையனுக்கு அந்த நாள்கூட இல்லை. மீசை அரும்பினால் ஒரு கிண்டல், குரல் உடைந்தால் இன்னொரு கிண்டல், அத்தோடு சரி. பிறகு அவனுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? பேருந்து நிலையத்துக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸ் சொல்லித் தருகிறது. 'நரம்புத் தளர்ச்சியா? இளமையில் செய்த தவறா?' என்று கேட்கிற அந்த நோட்டீஸைப் படித்து வளர்ந்த தலைமுறைகள் நம்மிடம் இருக்கின்றன. இன்றைக்கு அந்தச் சுவரின் இடத்தைக் கைப்பேசி பிடித்திருக்கிறது. அது அதைவிடக் கெட்ட ஆசிரியர்.

ஆகவே அப்பாக்களே, நீங்கள் சொல்லுங்கள். பையனுக்கு முதலில் விதைகள் பெரிதாகும். பிறகு முடி வளரும், ஆண்குறி வளரும், அதற்குப் பிறகுதான் உயரம் சட்டென்று ஏறும். பெண்களைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் பின்தங்கித்தான் இந்த வளர்ச்சி வரும் என்பதால், ஏழாம் வகுப்பில் பெண்களைவிடக் குள்ளமாக நிற்கும் பையனுக்கு 'உன் முறை வரும்டா' என்று ஒரு வார்த்தை சொன்னால் பெரிய ஆறுதல். குரல்வளை பெரிதாவதால் குரல் தடுமாறும். சில மாதங்களில் நிலைப்படும். சுமார் பாதிப் பையன்களுக்கு மார்பு கொஞ்சம் வீங்கி வலிக்கும். இது யாரும் சொல்லாத விஷயம். 'எனக்குப் பொண்ணு மாதிரி வருதே' என்று சட்டையைத் தளர்த்திப் போட்டு, கூன் விழுந்து நடந்து, விளையாட்டு வகுப்பையே தவிர்க்கும் பையன்கள் இருக்கிறார்கள். ஆறு மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலும் தானாக வற்றிவிடும். அதை முன்னாடியே சொல்லிவிட்டால் அவன் நிமிர்ந்து நடப்பான்.

தூக்கத்தில் விந்து வெளியேறுவதைப் பற்றியும் 11, 12 வயதுக்குள் சொல்லிவிட வேண்டும். காலையில் ஈரமான படுக்கையைப் பார்த்து, இந்த வயதிலும் சிறுநீர் கழித்துவிட்டோமோ, ஏதோ நோயோ என்று பயந்துபோய்ப் போர்வையைச் சுருட்டி ஒளித்துவைக்கும் பையன், மொட்டைமாடியில் பாவாடையை ஒளித்த அந்தப் பெண்ணுக்கு அண்ணன்தான். "உடம்பு விந்து உண்டாக்க ஆரம்பிச்சிருச்சு, சில நாள் தூக்கத்துல வெளியே வரும், எனக்கும் வந்துச்சு, போர்வைய ஊறப்போட்டுரு" என்று அப்பா சொன்னால் விஷயம் முடிந்தது. ஒரு துளி விந்து பல துளி ரத்தத்துக்குச் சமம் என்பது பொய். அதனால் உடம்பு இளைக்காது, ஞாபகம் மங்காது, பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகாது. சுயஇன்பத்தைப் பற்றிப் பரப்பப்படும் பயங்களும் இதே பொய்யின் பிள்ளைகள். அதனால் உடம்புக்குக் கேடு இல்லை, அது தனிமைக்குரியது, அவ்வளவுதான் என்று சொன்னால் ஒரு பெரிய குற்றவுணர்ச்சி அவன் தலையிலிருந்து இறங்கும்.

இன்னொன்று, மிகவும் அவசரமானது. விதையில் திடீரென்று கடுமையான வலி வந்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். 12 முதல் 18 வயதுப் பையன்களுக்கு இது அதிகம் வரும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும். பையன் வெட்கப்பட்டு, 'வயிறு வலி' என்று சொல்லி ஒரு இரவு படுத்துக் கிடந்தால் உறுப்பே போய்விடும். அந்த இடத்தின் பெயரைச் சொல்லத் தெரிந்திருப்பதும், அப்பாவிடம் சொன்னால் சிரிக்கமாட்டார் என்ற நம்பிக்கையும் இங்கே மருத்துவமே ஆகிறது.

மகனுக்கு மாதவிடாயைப் பற்றியும் சொல்லுங்கள். அக்கா ஏன் இன்று படுத்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியட்டும். கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், தன் மனைவி பழந்துணியை ஒளித்து எடுத்துப் போவதைப் பார்த்து 'ஏன்' என்று கேட்டதிலிருந்துதான் குறைந்த விலை நாப்கின் இயந்திரம் பிறந்தது. 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஓர் ஆண் கேட்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் ஊரில் இல்லை.

சடங்கு, சாப்பாடு, பள்ளிப்பை

சடங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உறவுகள் கூடி ஒரு பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிப்போடுவதில் அன்பு இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்களில் எனக்குச் சமரசம் கிடையாது. முதலாவது, தனியே ஒதுக்கிவைப்பது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு, பட்டுக்கோட்டைப் பகுதியில் வயதுக்கு வந்ததற்காக வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி, தென்னை மரம் சாய்ந்து விழுந்து இறந்துபோனாள். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் எந்தக் குழந்தையையும் குச்சுக்குள் உட்காரவைக்க யாருக்கும் மனம் வரக்கூடாது. இரண்டாவது, அவளைக் கேட்காமல் மேடையில் ஏற்றுவது. "பிளக்ஸ் வேணுமா, போட்டோ வேணுமா, எத்தனை பேரைக் கூப்பிடலாம்?" என்று அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இத்தனை பேருக்கு மொய் எழுதியிருக்கிறோமே என்ற கணக்கை அவள் உடம்பின் மேல் எழுத வேண்டாம்.

சாப்பாட்டில் உளுந்து, நல்லெண்ணெய், கருப்பட்டி எல்லாம் நல்லதே. பச்சை முட்டையை வாயில் ஊற்றுவது மட்டும் வேண்டாம். அதில் கிருமி இருக்கலாம், வேகவைத்தால் சத்தும் நன்றாகச் சேரும். முதல் பதினாறு நாள் விருந்து வைத்துவிட்டு அதோடு மறந்துவிடுவதுதான் நம் வழக்கத்தில் இருக்கும் பெரிய கோளாறு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 31 பேருக்கு. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, ஈரல் வாரம் முழுக்க வேண்டும். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாக ஏறும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் சரியாக ஏறாது. அரசுப் பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னல் வழியே வீசாமல் விழுங்கச் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும்.

நாப்கின் வாங்க முடியாத வீடு என்று ஒதுங்க வேண்டாம். தமிழக அரசின் 'புதுயுகம்' திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு நாப்கின் இலவசமாகத் தரப்படுகிறது. பள்ளியிலோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள். துணி பயன்படுத்துவதும் தவறில்லை. ஆனால் சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைத்த துணியாக இருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியிலும் வேறு துணிக்கு உள்ளேயும் ஒளித்துக் காயவைக்கும் ஈரத்துணியில்தான் கிருமி வளர்கிறது. நாப்கினோ துணியோ, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

மகளுக்குப் பத்து வயதானதும் பள்ளிப்பையின் ஓரத்தில் ஒரு சின்ன துணிப்பை வைத்துவிடுங்கள். இரண்டு நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, பழைய செய்தித்தாள், ஒரு பாலிதீன் கவர். நாப்கினைப் பிரித்து உள்ளாடையில் எப்படி ஒட்டுவது, பயன்படுத்தியதை எப்படிச் சுருட்டி எறிவது என்று வீட்டில் ஒருமுறை செய்தே காட்டுங்கள். கணக்கு வகுப்பில் திடீரென்று வந்தால் எந்த டீச்சரிடம் போய் என்ன வார்த்தை சொல்ல வேண்டும் என்பதையும் பேசிவையுங்கள். பள்ளிகளும் மாற வேண்டியிருக்கிறது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், மாதவிடாயில் இருந்த எட்டாம் வகுப்பு மாணவி வகுப்பறைக்கு வெளியே உட்கார்ந்து தேர்வு எழுதிய காட்சியை நாம் எல்லோரும் பார்த்தோம்.

எப்போது மருத்துவரிடம் போவது? பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தால், பையனுக்கு 9க்கு முன்பே மாற்றம் தெரிந்தால். பெண்ணுக்கு 13 வரை மார்பு வளரவில்லை, 15 வரை மாதவிடாய் வரவில்லை, பையனுக்கு 14 வரை ஒரு மாற்றமும் இல்லை என்றால். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், மூன்று மாதம் வராமல் நின்றால், வலியால் பள்ளிக்கே போக முடியாவிட்டால். 'பொண்ணுன்னா வலி பொறுத்துக்கணும்' என்று சொல்லிச் சொல்லித்தான் பல பெண்களின் நோய் பத்து வருடம் கழித்துக் கண்டுபிடிக்கப்படுகிறது.

மனமும் இந்த நேரத்தில் புரண்டு படுக்கும். சின்னச் சொல்லுக்குக் கண் கலங்கும், கதவு அறையப்படும். இரவு தூக்கம் வரத் தாமதமாவதும் உடம்பின் கடிகாரம் மாறுவதால்தான். ஆனாலும் எட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும், அதனால் கைப்பேசி இரவில் பெற்றோர் அறையில் இருக்கட்டும். உறவினர் வந்து 'என்ன இப்படிக் குண்டாயிட்ட, முகமெல்லாம் பரு' என்றால், பிள்ளை பதில் சொல்லும் முன் நீங்கள் பதில் சொல்லிவிடுங்கள்.

'இதையெல்லாம் சொன்னால் பிள்ளை கெட்டுப்போகாதா?' என்று என்னிடம் கேட்காத பெற்றோர் இல்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, பாலியல் கல்வி பெற்ற பிள்ளைகள் அதனால் முன்கூட்டியே உறவில் ஈடுபடுவதில்லை என்று சொல்கிறது. தெரியாமல் இருக்கும் பிள்ளைதான் ஏமாறுகிறது.

அறிவு வளர்ச்சியில் தாமதமுள்ள பிள்ளைகளுக்கும் உடம்பு பெரும்பாலும் இதே வயதில்தான் மாறும். அவர்களுக்கு ஒரு வருடம் முன்பே தொடங்கி, படம் காட்டி, பொம்மைக்கு நாப்கின் வைத்துக் காட்டி, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அம்மா இல்லாத வீட்டில் அப்பாவே சொல்லலாம். கூச்சமாக இருந்தால் பிள்ளைக்குப் பிடித்த சித்தியோ அத்தையோ சொல்லட்டும். யார் சொன்னாலும் சரி, முன்கூட்டிச் சொன்னால் போதும்.

அந்த மண்டபத்துப் பெண்ணுக்கு இப்போது 14 வயது. அவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், நான்காவது படிக்கிறாள். போன மாதம் அவள் அம்மா கைப்பேசியில் அழைத்து, "அக்கா, சின்னவகிட்ட பெரியவளே எல்லாத்தையும் சொல்லிட்டா. நான் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எட்டு வயது முடிந்திருந்தால், மகளானாலும் மகனானாலும், இந்த வாரமே தொடங்குங்கள். நாப்கின் வாங்கும்போது கடைக்காரரிடம், "பேப்பர் சுத்த வேண்டாம்ணே, அப்படியே குடுங்க" என்று சொல்லி, பிள்ளையின் கையில் கொடுத்து எடுத்துவரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் வழியிலேயே அது கேட்கும்.